கணக்கு வகுப்புக்கு கம்ப்யூட்டர் கேம்: நம்ம குமரி மாவட்டப் பள்ளிக்கூடங்களுக்கு எது சரிப்பட்டு வரும்?

#1 · வேளிமலை

தக்கலைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஹைடெக் லேப் இருக்கிறது, கம்ப்யூட்டர்களும் ஓடுகின்றன. 2018-லிருந்து வந்த புதுப் பாடப்புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி, கியூஆர் கோடு, ஜியோஜீப்ரா என்கிற கணித மென்பொருளுக்கு இணைப்பு எல்லாம் உண்டு. அதையும் தாண்டி, விளையாட்டையே வைத்துப் பாடம் நடத்த முடியுமா என்று பேசத்தான் இந்த இழை.

எனக்கு உடனடித் தேவை பின்னம். ஏழாம் வகுப்பில் 2/3 பெரிதா 3/5 பெரிதா என்று கேட்டால் குறுக்கே பெருக்கி டக்கென்று சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளையை போர்டுக்குக் கூப்பிட்டு, 0-க்கும் 1-க்கும் நடுவே 2/3 எங்கே வரும் என்று குறிக்கச் சொன்னால், பாதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் நிற்கும். விடை வருகிறது, அளவு மனசில் இல்லை.

1980-ல் தாமஸ் மலோன் என்கிற அமெரிக்க ஆய்வாளர், கம்ப்யூட்டர் விளையாட்டு ஏன் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று ஆராய்ந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று 'டார்ட்ஸ்' என்கிற ஆட்டம். திரையில் ஒரு எண்கோடு, அதில் அங்கங்கே பலூன்கள். பலூன் எந்த எண்ணில் இருக்கிறது என்று பின்னமாக டைப் செய்தால் அம்பு அந்த இடத்துக்குப் பறக்கும். தப்பான எண் கொடுத்தால் அம்பு தப்பான இடத்தில் குத்தி நிற்கும். எவ்வளவு தள்ளிப் போனது என்று பிள்ளையே பார்க்கும், அடுத்த எண்ணைத் திருத்திக் கொடுக்கும். "தப்பு" என்று சொல்ல வாத்தியார் தேவையில்லை.

இன்னொரு வகை ஆட்டம் நிறையக் கிடைக்கிறது. 7 × 8 எவ்வளவு என்று கேட்கும், சரியாகச் சொன்னால் பேய் செத்துப்போகும். அங்கே வாய்ப்பாட்டை எடுத்துவிட்டு ஊர்த் தலைநகரங்களை வைத்தாலும் பேய் அப்படியேதான் சாகும். பாடத்தை மாற்றியும் ஆட்டம் மாறாமல் ஓடுகிறதென்றால், அந்த ஆட்டம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. பரீட்சைக்கு வர்ணம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் வகையைத்தான் நான் தேடுகிறேன். யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள். வேண்டாம் என்கிறவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

#2 · கோட்டாறு அம்மா

சார், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இதைப் படிச்சதும் பயமாத்தான் இருக்கு. கொரோனா நேரத்துல ஆன்லைன் கிளாஸுக்குன்னு நகையை அடகு வெச்சு போன் வாங்கிக் கொடுத்தோம். கிளாஸ் முடிஞ்சு போச்சு, போன் மட்டும் பையன் கையை விட்டுப் போகல. இப்ப எட்டாம் கிளாஸ். ராத்திரி போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியும். வாங்கி வெச்சா சாப்பிட மாட்டேங்குறான். ஒரு கேமைத் தடை பண்ணினாங்கன்னு சந்தோஷப்பட்டேன், அடுத்த வாரமே வேற பேருல வேற ஒண்ணு ஆடிட்டிருந்தான்.

வீட்ல நாங்க "கேம் வேண்டாம்"னு தொண்டை வத்தக் கத்துறோம். ஸ்கூல்லயும் கேம்னா, "சாரே விளையாடச் சொல்றாரு"ன்னு எங்க வாயை அடைச்சிருவானே. அதுக்கு என்ன சொல்றீங்க?

#3 · வேளிமலை

அம்மா, கோபப்பட இதில் ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வதை ஒதுக்கிவிட்டு இந்தப் பேச்சைத் தொடரவே முடியாது.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் வேறு. அதைத் தடுக்கவும் முறைப்படுத்தவும் தமிழ்நாட்டில் 2022-ல் சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் அதைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்தப் பக்கம் பிள்ளை போகிறானா என்பதை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்.

உங்கள் பையன் ஆடுவது முடிவே இல்லாத வகை ஆட்டமாக இருக்கும். தினம் வந்தால் ஒரு பரிசு, வராவிட்டால் சேர்த்தது போகும், கூட்டாளிகள் காத்திருப்பார்கள் என்று அதைக் கட்டியிருப்பதே எழுந்து போகவிடாமல் செய்யத்தான். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிப் போவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, இவை வழக்கமாக ஒரு வருஷ அளவுக்கு நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். தூக்கமும் சாப்பாடும் கெடுகிறதென்றால் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

பள்ளியில் நான் நினைப்பது இது: லேப் கம்ப்யூட்டரில் மட்டும், இணையம் இல்லாமல், ஒரு பீரியடில் கால்வாசி நேரம். வீட்டுக்கு எதுவும் கொடுத்தனுப்ப மாட்டேன். மீதி நேரம் முழுக்கப் பேச்சும் நோட்டும்தான்.

இன்னொன்று. புள்ளி, பேட்ஜ், நட்சத்திரம், முதலிடப் பட்டியல் எதுவும் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைய ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்னாலேயே சொன்னார்கள். சில நாள் கழித்து எந்தப் பரிசும் இல்லாமல் பேனாவை மேஜையில் வைத்தபோது, அந்தப் பிரிவுப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். தானாக வந்த ஆசையைக்கூடப் பரிசு தின்றுவிடுகிறது. கல்விச் செயலி என்று விற்கிறவர்கள் அந்த போன் கேமிலிருந்து எடுத்துக்கொள்வது சரியாக அந்தப் பரிசுப் பகுதியைத்தான். உங்கள் பயம் நியாயம் என்பது அதனால்தான்.

#4 · கோட்டாறு அம்மா

சரி சார். வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்னது போதும். டாக்டர்கிட்டயும் கேக்குறேன்.

#5 · இரணியல் தலைமையாசிரியர் (ஓய்வு)

வேளிமலை தம்பிக்கு, எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. பல்லாங்குழியில் எங்கள் பாட்டி எங்களுக்குக் கூட்டலும் மீதியும் கற்றுத் தந்தாள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று நகர்த்தலுக்கு முன்னால் யோசிக்கப் பழகினோம். ஒரு கரித்துண்டும் புளியங்கொட்டையும் போதும், மின்சாரம் வேண்டாம். இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஏன் கணினியிடம் போக வேண்டும்?

நான் வரலாறு நடத்தினவன். குளச்சல் போரைச் சொல்லித்தர எட்டாம் வகுப்பை உதயகிரிக் கோட்டைக்கு நடத்தியே கூட்டிப்போவேன். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சரணடைந்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு அதே மன்னருக்குப் படை பயிற்றுவித்து, அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அந்தக் கல்லறைக்கு முன் நின்று "எதிரியாக வந்தவர் ஏன் இங்கேயே இருந்தார்?" என்று கேட்டால் பிள்ளைகள் அரை மணி நேரம் பேசுவார்கள். எந்தத் திரையில் அது வரும்?

#6 · வேளிமலை

ஐயா, வணக்கம். கல்லறைக்கு முன் நிற்பதைத் திரை தராது. பல்லாங்குழியையும் விடச் சொல்லமாட்டேன், எங்கள் ஆறாம் வகுப்பில் அது இருக்கிறது.

கணினி எங்கே தேவை என்றால், கையால் செய்து பார்க்க முடியாத இடத்தில். கண்ணுக்குத் தெரியாதது, அதிக நேரம் எடுப்பது, ஆபத்தானது, பலமுறை திரும்பச் செய்து பார்க்க வேண்டியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய 'பெட்' என்ற திட்டம் இருக்கிறது. இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வைமன் ஆரம்பித்தது. மின்சுற்றில் எலக்ட்ரான் ஓடுவதைப் பிள்ளை தானே கம்பியை இணைத்துப் பார்க்கலாம், இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் வேண்டாம், சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிற பிள்ளை, காந்தத்தைச் சுற்றினால் பல்பு எரிவதைத் திரையில் தன் கையால் செய்து பார்க்கும்போது கேட்கிற கேள்வியே வேறு.

வரலாற்றுக்கும் ஓர் உதாரணம். 1971-ல் மினசோட்டாவில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க மேற்குக் குடியேற்றத்தை நடத்த வேண்டியிருந்தது. கூட இருந்த இரண்டு நண்பர்கள், ஹைன்மன், டில்லன்பெர்கர், நிரல் எழுதித் தந்தார்கள். 'ஓரிகன் டிரெயில்' பிறந்தது. திரையே கிடையாது, டெலிடைப் இயந்திரம் தாளில் அச்சடிக்கும். 1840-களில் மாட்டுவண்டியில் கிளம்பும் குடும்பம் நீங்கள். காளைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு செலவழிப்பது என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். வழியில் மழை, நோய், வண்டி உடைதல். பிறகு 1974-ல் ராவிட்ச் அந்தக் காலத்துப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடத்தில் எந்த ஆபத்து எவ்வளவு அடிக்கடி வந்தது என்று பார்த்து, ஆட்டத்தின் நிகழ்தகவுகளைத் திருத்தினார். அதுதான் என்னைக் கவர்ந்தது. ஆட்டத்தின் விதியே ஆவணத்திலிருந்து வந்தது.

#7 · இரணியல் தலைமையாசிரியர் (ஓய்வு)

நாட்குறிப்பு எழுதியவர்கள் யார், தம்பி? வண்டியில் போனவர்கள். அந்த நிலத்தில் முன்பே இருந்த பழங்குடிகள் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. ஆகவே ஆட்டத்தில் அவர்கள் வழியில் எதிர்ப்படும் சம்பவமாக மட்டுமே இருந்திருப்பார்கள். வகுப்பறையில் ஆசிரியர் அதைக் கேட்காமல் விட்டால், ஆட்டம் சொன்னதே வரலாறு ஆகிவிடும். புத்தகத்தைச் சந்தேகிக்கக்கூடப் பிள்ளைகளைப் பழக்கிவிடலாம். தான் ஜெயித்த ஆட்டத்தை யார் சந்தேகிப்பார்கள்?

குளச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றதைப் பார்த்து, கப்பலில் இருந்தவர்கள் துப்பாக்கிப் படை என்று நினைத்தார்கள் என்பது நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. அதை ஆட்டத்தில் வைப்பீர்களா, விடுவீர்களா? வைத்தால் ஆவணம் எங்கே என்பார்கள். விட்டால் அந்த மக்கள் அந்தப் போரிலேயே இல்லாமல் போவார்கள்.

#8 · வேளிமலை

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை ஐயா. ஓரிகன் டிரெயில் மீது அந்த விமர்சனம் பல வருஷம் இருந்தது. 2021-ல் வந்த புதிய வடிவத்துக்குப் பழங்குடி வரலாற்றாசிரியர்களைக் கூட வைத்து வேலை செய்தார்கள். இடையில் ஐம்பது வருஷம் போயிருக்கிறது.

குளச்சலுக்கு எனக்குத் தோன்றுவது: அந்தத் துடுப்புக் கதையை ஆட்டத்துக்குள் ஒருவர் வாய்வழியாகச் சொல்வதாக வைக்கலாம். நம்புவதா இல்லையா என்பது ஆடுகிறவன் முடிவு. ஆடி முடித்ததும் "இதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று வகுப்பில் கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் மாதிரி ஒருவர் அங்கே நிற்க வேண்டும். வாத்தியார் இல்லாமல் ஓடுகிற கல்வி ஆட்டத்தை நான் நம்பவில்லை.

#9 · தூத்தூர் கடல்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆழ்கடல் போட்டுக்குப் போறவன். இப்ப ஊர்ல இருக்கேன், அதனால படிக்க நேரம் கிடைச்சுது.

சார் சொன்ன மாட்டுவண்டி ஆட்டத்தைப் படிச்ச உடனே, இது எங்க தொழில் ஆக்கும்னு தோணிச்சு. போட்டு கெளம்பும்போ டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, தண்ணி, அரிசி, தூண்டிலு, எல்லாம் கணக்கு பாத்துத்தான் ஏத்தணும். ஐஸ் கூட ஏத்தினா மீனு கெடாது, ஆனா டீசலுக்கு எடம் கொறையும். ஒரு மாசம், சிலப்போ அதுக்கும் மேல கடல்ல கெடப்போம். லட்சத்தீவு தாண்டி சூரைக்கும் சுறாவுக்கும் போற ஆட்கள் எங்க கரையில உண்டு. மீனு இல்லேன்னா இன்னும் தூரம் போலாமா, இல்ல கெடச்சதோட திரும்பலாமான்னு ராத்திரி எல்லாம் பேச்சு நடக்கும். இதை விட பெரிய கணக்கு எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல.

எங்க பிள்ளைய பள்ளிக்கூடத்துல ரயிலு போற வேகம், தொட்டி நிறையுற நேரம்னு கணக்கு போடுதுவ. எங்க போட்டு கணக்கை யாரும் போடுறதில்ல. அதுக்கு ஒரு ஆட்டம் உண்டாக்க முடியுமா?

ஆனா ஒண்ணு. ஓகி புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில. செய்தி வரும்போ ஆழ்கடல்ல போயிருந்தவங்களுக்கு அது எட்டல. எங்க ஊர்கள்ல அப்பன் இல்லாம வளர்ந்த பிள்ளைய உண்டு, உங்க கிளாஸ்லயும் இருக்கும். அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டி, "புயல் வந்தது, நீங்கள் இறந்துவிட்டீர்கள், மறுபடி ஆடவும்"னு ஒரு எழுத்து வந்தா, அது அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்? இதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் செய்யணும்.

#10 · வேளிமலை

அண்ணே, இதைப் படித்த பிறகு நேற்று முழுக்க வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

கடலில் சாவதை ஆட்டத்தில் வைக்கக் கூடாது. அது என் முடிவு. ஆனால் காற்றை எடுத்துவிட்டாலும் அது பொய்யாகும், உங்கள் தொழிலில் பாதி அதுதான். ஆகவே இப்படி யோசித்தேன். வானிலை எச்சரிக்கை வரும், அல்லது மேகமும் நீரோட்டமும் மாறுவது தெரியும். திரும்பினால் டீசல் போச்சு, மீன் குறைவு, கடன் ஏறும். அதைக் கணக்கில் முழுதாகக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனாலும் திரும்பியவனுக்கு அடுத்த பயணம் உண்டு. திரும்பாதவனுக்கு ஆட்டம் அந்த இடத்தில் நின்று, "கரையில் இருப்பவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று பாத்திரம் மாறும். கலெக்டர் ஆபீஸ், கடலோரக் காவல்படை, ஊர்ப் பங்குத்தந்தை, வயர்லெஸ். செய்தி எங்கே நின்றுபோகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படி வைத்தால் தாங்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் தக்கலைக்காரன், எனக்கு அந்த உரிமை இல்லை.

#11 · தூத்தூர் கடல்

ரெண்டாவது சொன்னது கொள்ளாம், நல்லாருக்கு. செய்தி எங்க நிக்குதுன்னு பிள்ளைய யோசிக்கணும். ஆனா அதை முதல்ல செய்யாதீங்க சார். எங்க ஊருல பெரியவங்க, பறிகொடுத்த வீட்டுக்காரங்க, அவங்கள வெச்சு பேசின பெறகு செய்யலாம். அவசரம் இல்ல. முதல்ல சின்னதா வேற எதாவது செய்வோம்.

#12 · குலசேகரம் தேவி

இதுவரை எல்லாரும் "பிள்ளைகள்"னு பொதுவா பேசுறீங்க. நான் ரப்பர் பால் வெட்டுற வீட்டுப் பொம்பளை, எனக்க மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுல ஒரு போன், அது அவ அண்ணன் கையில. லேப்ல ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்னா மௌஸ் எப்பவும் பையன் கையிலதான்னு அவ சொல்லுவா. பொம்பளப் பிள்ளைய பின்னால நின்னு பாக்கும். கேம்னு வந்தா இன்னும் மோசம், "உனக்கு ஆடத் தெரியாது"ன்னு தள்ளிருவானுவ. இதுக்கு வழி சொல்லாம கேம் கொண்டு வந்தீங்கன்னா, எனக்க மகளுக்கு ஒரு பீரியடு நட்டம்.

#13 · வேளிமலை

அக்கா, சரியான இடத்தைத் தொட்டீர்கள். மலோன் 1980-ல் கண்டதும் இதை ஒட்டியதுதான். அந்த ஆட்டத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்தும் சேர்த்தும் வெவ்வேறு குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அம்பு வந்து பலூனை உடைக்கிற காட்சி பையன்களுக்குப் பிடித்தது, பெண் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே பின்னம்தான், மேலே போர்த்திய கதை மட்டும் வேறு. ஆகவே எல்லா ஆட்டத்திலும் குத்துவது, சுடுவது, ஜெயிப்பது என்றே வைத்தால் வகுப்பில் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்துகிறோம்.

மௌஸுக்கு எங்கள் லேபில் ஒரு விதி வைத்திருக்கிறேன். மௌஸ் பிடிப்பவர் தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். சொல்பவர் மௌஸைத் தொடக் கூடாது. பாதி நேரத்தில் மாற வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து செய்கிற முறை இது. இதனால் இன்னொரு நன்மை: சொல்பவர் வாயைத் திறந்து "எண்கோட்டில் பாதிக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம், மூன்றில் இரண்டு" என்று சொல்லியே ஆக வேண்டும். கணக்கு வாயில் வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

#14 · களியக்காவிளை எல்லை

எங்க சித்தி வீடு பாறசாலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். அங்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கே 'களிப்பெட்டி'ன்னு கம்ப்யூட்டர் பாடப்புத்தகம் உண்டு. ஜிகாம்ப்ரீ மாதிரி ஆட்டங்களை வெச்சே மௌஸ் பிடிக்கவும் எண்ணவும் சொல்லிக் கொடுக்காங்க. ஜிகாம்ப்ரீ 2000-ல பிரான்ஸ்ல ஆரம்பிச்ச இலவச மென்பொருள், நூறுக்கும் மேல சின்னச் சின்ன ஆட்டம் இருக்கு, இன்டர்நெட் வேண்டாம், பழைய மெஷினிலயும் ஓடும். கேரளா 2001-ல ஐடி அட் ஸ்கூல்னு பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் திட்டம் தொடங்கி, 2017-ல அதை கைட்னு கம்பெனியா மாத்தி, எல்லாத்தையும் கட்டற்ற மென்பொருள்ல ஓட்டுது. 2018-ல லிட்டில் கைட்ஸ்னு ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு கிளப்பும் ஆரம்பிச்சாங்க.

நம்ம பக்கத்துல பொருள் கொறவில்ல. 2011-ல தொடங்கி கொடுத்த விலையில்லா லேப்டாப் எத்தனை வீட்டு அலமாரியில கெடக்கு. லேப் இருக்கு. என்னன்னா, எந்த ஆட்டத்தை எந்தப் பாடத்துக்கு எந்த வாரம் வைக்கணும்னு வாத்தியாருக்கு யாரும் எழுதிக் கொடுக்கல. அங்க அதைப் புத்தகமாவே போட்டுட்டாங்க. வித்தியாசம் அதுதான்.

#15 · பார்வதிபுரம் லெவன்த்

சார் நான் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஸ்டூடண்ட் பேசலாமா?

ஆடுறதைவிட கேம் பண்ணுறதுலதான் நான் அதிகமா கத்துக்கிட்டேன். ஸ்கிராட்ச் இருக்குல்ல, எம்ஐடில 2007-ல விட்டது, கட்டங்களை இழுத்து ஒட்டிப் புரோகிராம் பண்ணுறது. அதுல திரைக்கு நடுவுல 0, 0. எக்ஸ் மைனஸ் 240-லேர்ந்து 240 வரை, ஒய் மைனஸ் 180-லேர்ந்து 180 வரை. எட்டாம் கிளாஸ்ல ஆயப் புள்ளி எல்லாம் நோட்டுல குறிச்சு மார்க் வாங்கினேன், ஆனா மைனஸ் பக்கம் எதுக்குன்னு தெரியாது. என் பூனை இடது பக்கம் நடக்காம நின்னப்பதான் மைனஸ் 10 போடணும்னு தெரிஞ்சது. குதிக்க வெச்சப்ப வேகத்துலேர்ந்து ஒவ்வொரு தடவையும் 1 கழிச்சா அது தானா மேல போய், நின்னு, கீழ வந்தது. பிசிக்ஸ்ல அந்த பாடம் வந்தப்ப எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி இருந்தது.

அண்ணன் சொன்ன கடல் கேம் நான் ட்ரை பண்ணலாமா?

#16 · வேளிமலை

தம்பி, நீ சொன்னதுதான் 1967-ல் லோகோ மொழியை உண்டாக்கினவர்கள், செய்மர் பாபர்ட், சிந்தியா சாலமன், வாலஸ் ஃபெர்சைக், நினைத்தது. ஓர் ஆமைக்கு "முன்னால் 50 போ, வலப்பக்கம் 90 திரும்பு" என்று பிள்ளை கட்டளை கொடுக்கும், ஆமை கோடு போடும். சதுரம் வரையத் தெரிந்த பிள்ளை, முக்கோணத்துக்கு 60 என்று கொடுத்துப் பார்க்கும். முக்கோணம் வராது. 120 ஏன் என்று அது தன் உடம்பைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடிக்கும். வெளிக்கோணத்தை நான் போர்டில் எத்தனை முறை வரைந்தாலும் அந்த ஒரு திருப்பத்துக்கு ஈடாகாது.

கடல் ஆட்டத்துக்கு அண்ணன் சம்மதம் வேண்டும். அவர் சின்னதாக ஒன்று முதலில் என்றார்.

#17 · தூத்தூர் கடல்

மக்களே, நீ செய். நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு.

இப்ப எங்க கையில ஜிபிஎஸ் உண்டு, ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர் உண்டு. எனக்க தாத்தா காலத்துல ஒண்ணும் கெடையாது. கட்டுமரத்துல போய், கடலுக்கடியில இருக்குற பாரு, அதாவது மீன் அடையுற பாறை, அதே எடத்தைத் திரும்பத் திரும்ப கண்டுபிடிச்சாவ. எப்படின்னா, கரையில ஒரு கோயில் கோபுரம், அதுக்குப் பின்னால தூரத்துல ஒரு மலை உச்சி. ரெண்டும் ஒண்ணுக்கு நேரே ஒண்ணு நிக்குற மாதிரி வள்ளத்தைக் கொண்டு வரணும். பெறகு வேற பக்கம் பாத்து இன்னொரு ஜோடி, ஒரு பனையும் இன்னொரு மலையும்னு வெச்சுக்கோ. ரெண்டு ஜோடியும் ஒரே நேரத்துல நேரா வந்தா நீ நிக்குற எடத்துக்குக் கீழ பாரு இருக்கு. இதை வீட்டுக்கு வீடு ரகசியமா வெச்சிருந்தாவ, அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லுவான்.

#18 · வேளிமலை

இது ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல்! ஒரு ஜோடி என்பது ஒரு நேர்க்கோடு. இரண்டு நேர்க்கோடு ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும். அந்தப் புள்ளிதான் அண்ணன் சொன்ன பார். ஜோடியில் இரண்டும் ஒன்றுக்கொன்று ரொம்பப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? வள்ளம் கொஞ்சம் விலகினாலும் தெரியாது, ஆகவே பின்னால் இருப்பது எவ்வளவு தூரத்து மலையோ அவ்வளவு துல்லியம். இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தால் வெட்டும் இடம் குழம்பும். எந்த ஜோடியைத் தேர்ந்தெடுப்பது என்பதே கணக்கு.

நான் முதல் பதிவில் வைத்த சோதனையிலும் இது தேறுகிறது. வடிவியலை எடுத்துவிட்டால் இந்த ஆட்டத்தில் எதுவுமே மிஞ்சாது.

#19 · பார்வதிபுரம் லெவன்த்

சார் இது ஈஸிதான். வள்ளம் வலது பக்கம் நகர்ந்தா கோபுரம் இடது பக்கம் போகணும், மலையும் போகணும், ஆனா மலை கம்மியா. கோபுரம் 2 கிலோமீட்டர்ல, மலை 20 கிலோமீட்டர்லன்னு வெச்சா கோபுரம் 10 நகர்ந்தா மலை 1. ரெண்டு திசை பாக்க ரெண்டு திரை வேணும், ஒரு பட்டன்ல மாத்திக்கலாம். சுடுறது, டைம் முடியுறது எதுவும் இல்ல. பார் கிடைச்சா கீழ பாறையும் மீனும் தெரியும், அவ்வளவுதான். புள்ளி கிடையாது.

#20 · வேளிமலை

தூரம் கூடினால் நகர்வு குறைகிறது. எதிர்விகிதத்தை ஏழாம் வகுப்பில் எத்தனை ஆள் எத்தனை நாள் என்றே நடத்துகிறோம், இனி இதை வைத்து நடத்தலாம். எழுத்து முழுக்கத் தமிழில் இருக்கட்டும் தம்பி. சரக்கல்விளை சிவன், மேலக்காட்டுவிளை நாராயணன், இஸ்ரோ தலைவர்களான இரண்டு பேரும் இந்த மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்தவர்கள்தான்.

ஆடி முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வரைபடத் தாளில் அதே பாரைக் குறிக்க ஒரு தாள் நான் தயாரிக்கிறேன். அதில் தேறினால்தான் ஆட்டம் வேலை செய்தது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

#21 · இரணியல் தலைமையாசிரியர் (ஓய்வு)

அந்தத் தாளில் ஒரு கேள்வி என்னுடையதாக இருக்கட்டும்: "இந்த அறிவை அப்பன் மகனுக்கு மட்டும் சொன்னால், மகளுக்கு யார் சொல்வது?" குலசேகரம் தேவி படிக்க வேண்டும்.

#22 · குலசேகரம் தேவி

படிச்சேன் சார். எனக்க மகள் ஆடிப் பாக்க ரெடி. மௌஸ் அவ கையில முதல்ல.

#23 · பார்வதிபுரம் லெவன்த்

கோபுரம், மலை ரெண்டும் வரைஞ்சு நகர வெச்சாச்சு. அண்ணே ஒரு டவுட். மழைக்காலத்துல மலை தெரியாதே, மூடிட்டு இருக்குமே. அப்ப உங்க தாத்தா என்ன பண்ணுவாங்க?

#24 · தூத்தூர் கடல்

நல்ல கேள்வி மக்களே. கயிறுல குண்டு கட்டி விட்டு ஆழம் பாப்பாவ. ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம், அப்படி எத்தனை பாகம் கயிறு போகுதுன்னு எண்ணணும். குண்டுல ஒட்டி வாறது சேறா மணலான்னும் பாக்கணும், பாருக்குப் பக்கம் போகப்போக அது மாறும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கயிறு சாயுறதுல தெரியும். கயிறு சாஞ்சா ஆழம் கூடுதலா காட்டும், அதையும் கழிக்கணும். மலையை மறைக்க ஒரு பட்டன் வை. மலை மறைஞ்சா கயிறு வரட்டும்.